பழைய ராணியை இனி எப்படிச் சொல்வது?

இங்கிலாந்து மன்னர் காலமான செய்தி வந்த வாரம், கண்டியில் எங்கள் பலசரக்குக் கடையில் பெரிய வாக்குவாதம். மன்னரின் மகள் ராணியாகிவிட்டார். சுதந்திரம் வந்த பிறகும் அவர்தான் இலங்கைக்கும் ராணி, அதில் குழப்பமில்லை. ஆனால் நேற்றுவரை ராணியாக இருந்த மன்னரின் மனைவியை இனி எப்படிச் சொல்வது?

"பழைய ராணின்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றார் மாநகர சபைக் கிளார்க் ஒருவர்.

"அவங்க என்ன பழைய சட்டியா?" என்று மடக்கினேன். "ராஜமாதான்னு பேப்பர்லயே போட்டிருக்கான். மரியாதை குறையக் கூடாதுங்க."

கடல் தாண்டி இருந்த ஒரு விதவையின் மரியாதைக்காகத் தொண்டை கிழியப் பேசினேன். மடையன்.

அப்பா இறந்து அப்போது ஐந்து மாதம். சின்ன முதலாளியாக இருந்த நான் முதலாளி ஆனேன். என் மனைவி முதலாளியம்மா ஆனாள். அத்தனை வருடமும் முதலாளியம்மாவாக இருந்த என் அம்மாவை யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. காலையில் போணி, அதாவது முதல் வியாபாரம், விதவை கையால் நடக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அம்மா தானாகவே கடைக்குள் வராமல் பின்கட்டுச் சமையலறையோடு நின்றுகொண்டார். எனக்கும் உள்ளூரப் பயம் இருந்ததால் பேசாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் கடை திறந்ததும் மடவளை நானா வந்தார். பக்கத்து ஊரான மடவளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து தன் சிறு கடைக்குச் சாமான் எடுக்கிற முஸ்லிம் பெரியவர். முந்திய நாள் வாக்குவாதத்தின்போதும் அங்கே நின்றிருந்தார். நான் சீனி நிறுக்கப் போனேன், தடுத்தார்.

"ஒங்கட அம்மா எங்க தம்பி?"

"உள்ள இருக்காங்க நானா."

"லண்டன்ல ராசா மௌத்தானா, அவர்ட பொஞ்சாதிய ராஜமாதா எண்டு சொல்லணும். இங்க ஈக்கிற ராஜமாதாவ மட்டும் அடுப்படியில வெக்கிறதா? அவங்கட கையால நிறுத்துத் தரட்டும். இல்லாட்டி எனக்கு சீனி வாணாம்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"போணி இன்னும் ஆகலையேப்பா" என்றார்.

"அதுக்குத்தாம்மா கூப்பிடுறேன்."

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தராசின் முன் நின்றார். நானா இரண்டு கையையும் நீட்டிப் பொட்டலத்தை வாங்கினார். "பெரிய முதலாளியம்மா, நாளைக்கும் நீங்கதான் தரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தந்த காசை அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அஞ்சு மாசத்துல இன்னைக்குத்தான்ப்பா நீ என்னையக் கடைக்குள்ள கூப்பிட்டிருக்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

அம்மா சாகும்வரை எங்கள் கடையின் போணி அவர் கையால்தான் நடந்தது. அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. அவர் வாய் திறந்திராவிட்டால் நானாகவே கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.