குரலைக் கேட்கச் சொன்ன டாக்டரம்மா

தாராவியில் நம் சந்துமுனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கோமதி இறந்துவிட்டார். கம்பவுண்டர் போனில் சொன்னபோது அவர் குடியிருந்த முலுண்டில் தகனமே முடிந்திருந்தது. "தாராவிக்காரங்களுக்கு அப்புறமா சொல்லுங்க, தொழிலப் போட்டுட்டு ஓடி வருவாங்க" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தாராம். போகும்போதும் நம்மை அதட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்கு முதலில் அவர்மீது கோபம்தான் வந்தது.

என் மனைவி செல்வி ஆசிட் குடித்த நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிடைத் தள்ளுவண்டிக்காரர் நாம் நீட்டும் பாட்டிலில் ஊற்றித் தருவார். கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்கு நம் வீடுகளில் பஞ்சமா? அதில் வாங்கி, குடிதண்ணீர் டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தோம். வெயிலில் வந்த செல்வி தண்ணீரென்று எடுத்து ஒரு மடக்கு விழுங்கிவிட்டாள்.

நான் டாக்டரம்மாவை அழைத்து வருவதற்குள் சந்தே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. "உப்புத்தண்ணியக் குடுங்க, கக்கிரட்டும்" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. அவர் சம்சாரம் ஆப்பசோடாவைக் கரைத்துக்கொண்டு நின்றார். ஆசிடை அது முறித்துவிடுமாம். டாக்டரம்மா இரண்டு சொம்பையும் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினார். "போறப்ப ஒரு தடவை சுட்டாச்சு. வர்றப்ப இன்னொரு தடவை சுடணுமா? சோடாவும் வேண்டாம், உள்ள பொங்கிடும்." செல்வியின் வாயை மட்டும் கொப்பளித்துத் துப்ப வைத்தார். ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லி ஆசிட் பாட்டிலை இறுக மூடி என்னிடம் கொடுத்தார்.

டாக்ஸியில் அவரும் ஏறிக்கொண்டார். "தொண்டை வீங்கினா மூச்சு அடைச்சிடும். அதுக்கு முன்னாடி குரல் மாறும். ஏதாவது கேட்டுட்டே வா, ஒரு வார்த்தையில பதில் சொல்லட்டும்" என்றார். கட்டிய மனைவியிடம் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "மத்தியானம் என்ன கொழம்பு?" என்றேன். "புளி" என்றாள். சிக்னலில் நின்றபோது அதையே மறுபடி கேட்டேன். இந்த முறை அந்தப் "புளி" கரகரத்தது. டாக்டரம்மா டிரைவரைப் பார்த்து "ஜல்தி, பையா" என்று இந்தியில் கத்தினார். குரல் மாறிவிட்டதென்று ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் சொன்னதால்தான், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் மூச்சுக்குக் குழாய் போட்டார்கள்.

அதன்பின் நடந்தது சந்தோஷமான கதை இல்லை. புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. மாதக்கணக்கில் குழாய் விட்டு விரித்தார்கள். "என்னயச் சாவவாது விடுங்க, இனி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்" என்று செல்வி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "சண்டை போடக் குரல் இருக்குல்ல, எழுந்து வா" என்றார். இன்றும் அவளுக்குக் குழைந்த சோறுதான் இறங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டாள். நம் சந்துக்கு ஆசிட் இப்போதும் அதே பாட்டில்களில்தான் வருகிறது. டாக்டரம்மா திட்டித் திட்டி ஓய்ந்ததுதான் மிச்சம்.

கம்பவுண்டர் சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். "எப்பமாம்?" என்றாள். குரல் கம்மியிருந்தது. அழுகைதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது இந்தக் காதைத்தான். அது அன்று டாக்ஸியில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இன்னொரு வார்த்த சொல்லு" என்றேன்.

"டாக்டரம்மா" என்றாள்.