உளுந்துச் செடியும் ஹெவி லைசன்ஸும்

பஸ்ஸை வைத்து உளுந்து அடிப்பது எப்படி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில், பங்குனி மாதத்தில், எங்கள் ஊரைத் தாண்டிய எந்த பஸ்ஸும் எங்கள் உளுந்தை மிதிக்காமல் போனதில்லை.

நாங்கள் ஆசைப்பட்டு ரோட்டுக்கு வரவில்லை. குத்தகைதாரர் பதிவேட்டில் எங்கள் பெயரை ஏற்றச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்தோம். மறுவாரமே நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார், நாங்கள் உளுந்து அடித்துவந்த தன் களத்தைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டார். பிடுங்கிய செடியோ வயலில் கிடக்கிறது. நெற்று வெடித்தால் பாதி மண்ணுக்குத்தான் போகும்.

"களம் அவரோடது. ரோடு கவருமெண்டோடது. கவருமெண்டு நாம ஓட்டுப் போட்டு வந்ததுதானே?" என்றாள் அம்மா. அந்தத் தீர்ப்புக்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

ரோட்டின் ஒரு பாதியில் செடியைப் பரப்புவோம். மறுபாதியில் நாலைந்து பெரிய கற்களை வைத்து, கருவேல முள்ளையும் இழுத்துப் போட்டால், வண்டி செடிமேல் ஏறித்தான் ஆகவேண்டும். கல் வைப்பது என் இலாகா. சைக்கிளில் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, "பாத்து வரக்கூடாதாங்க?" என்று அவர்களையே கேட்பேன். அவ்வளவு நல்லவன் நான்.

கோளாறு என்னவென்றால், அதே பங்குனியில் எனக்கு ஹெவி லைசன்ஸ் டெஸ்ட் வந்தது. அது கிடைத்தால் அரசு பஸ் டிரைவர் வேலைக்கு மனுப் போடலாம். குத்தகை நிலம் கையை விட்டுப் போனாலும் வீட்டில் உலை கொதிக்கும். டெஸ்ட் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் முழங்காலில் கட்டோடு நொண்டிக்கொண்டே வந்து, லாரியில் என் பக்கத்தில் ஏறினார். போன வாரம் மோட்டார் சைக்கிளில் வரும்போது உளுந்துச் செடியில் சறுக்கி விழுந்தாராம். எந்த ஊரில் என்று நான் கேட்கவில்லை.

"ரோட்டுல செடி போடுறவன் எவனாவது லைசன்ஸ் கேட்டு எங்கிட்ட வரட்டும், கிழிச்சுப் போட்டுடுறேன்" என்றார்.

"ஆமாங்க சார், அவனுங்களை உள்ள தூக்கிப் போடணும்" என்றேன்.

"நேரா போ" என்றார். நேரே போனால் எங்கள் ஊர்.

செடி பரப்பிக் கிடந்தது. கற்கள் காலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தன. ஏறிப் போனால் உளுந்துக்கு நல்லது, லைசன்ஸுக்குக் கெடுதல். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, ஓரமாக நிறுத்தினேன். முன்னும் பின்னும் வண்டி வரவில்லை என்று பார்த்துவிட்டு, இறங்கிப் போய் முள்ளை இழுத்து எறிந்தேன், கற்களைப் புரட்டினேன். வைக்கும்போது அவை இவ்வளவு கனமாக இல்லை.

வயலிலிருந்து அம்மா ஓடிவந்தாள். "ஏண்டா, காலையிலேருந்து ரெண்டு பஸ்ஸுதான் ஏறியிருக்கு. இம்மாம் பெரிய லாரியக் கொண்டாந்துட்டு, கல்லைப் பொறுக்கிட்டு நிக்கிறியே, கூறு கெட்டவனே!"

இன்ஸ்பெக்டர் லாரியிலிருந்து தலையை நீட்டினார். "யாருப்பா அந்தம்மா? ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதுங்க சார்" என்றேன்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். அவருடைய காக்கிச் சட்டையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

"ஆள் மாறிப்போச்சுங்கய்யா. எம்மவன்னு நெனச்சு சத்தம் போட்டுட்டேன். யாரு பெத்த புள்ளையோ, எறங்கி வந்து கல்லையெல்லாம் எடுத்துப் போடுது" என்று சொல்லி, மிச்சம் இருந்த ஒரு கல்லை அவளே உருட்டிவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வண்டியில் ஏறி, வெறும் பாதியில் மெதுவாக ஓட்டிப் போனேன்.

"இவ்வளவு பொறுப்பா ஓட்டுறவனை நான் பாத்ததில்லை" என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள், இனிமேல் ரோட்டில் செடி போடவேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு தடியை எடுத்துக் கையில் கொடுத்தாள். வாசலில் குவிந்த அவ்வளவு செடியையும் ஒற்றை ஆளாக அடித்தேன், உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. வழியில் போன பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஒங்க மவனுங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றாள் அம்மா. "கூலிக்கு வந்த ஆளு."