பாதத்தில் ஓடும் இஞ்சின்

வலது காலின் செருப்பை உதறிவிட்டு, பாதத்தை இஞ்சின் பலகையில் பதித்த பிறகுதான் நோர்ஜன்னா படகை நகர்த்துவாள். மார்த்தபுரா ஆற்றில் க்ளோத்தோக் படகு ஓட்டும் பெண்கள் அதிகமில்லை. சந்தைக்காரிகளைக் கூடைகளோடு ஏற்றி இறக்குகிற இவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. டீசல் இஞ்சின் போடும் கூச்சலில் காது எதற்கும் உதவாது. தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் ஆகாயத்தாமரை சுற்றிக்கொண்டால் அதிர்வு கனத்து முழங்கால்வரை ஏறும். காலிப் படகென்றால் விரல் நுனியில் குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

"வாழைத்தாரை யாருடி பின்னாடி அடுக்குனது? பல்லு கூசற மாதிரி அதிருது. முன்னால தள்ளு" என்பாள், திரும்பிப் பார்க்காமலே.

"உங்க வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டாக்கூட காலுக்குத் தெரியும் போலக்கா" என்பாள் மீன்காரி ஸல்பியா.

"அவர் விடற குறட்டைக்குக் கால் எதுக்கு? எதிர்க்கரைக்கே கேக்குது."

நோன்புப் பெருநாள் முடிந்து படகை எடுத்த அன்று, பலகை சோர்ந்து கிடந்தது. இஞ்சின் எப்போதும்போல ஓடியது. பாதத்துக்குத்தான் அது தூரத்தில் யாரோ நெல் குத்துவதுபோல வந்து சேர்ந்தது. அவளுக்குச் சர்க்கரை உண்டு. அவள் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது: ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் நடந்து, கடைசியில் காலையே எடுத்தார்கள். பலகையை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். கணவன் பஹ்ரானிடம் மூச்சு விடவில்லை. சந்தைக்காரிகளை அதட்டுவதும் நின்றுபோனது.

ஒரு காலையில், "மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று பஹ்ரானிடம் சொல்லிவிட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் கண்ணை மூடச் சொல்லி, இரட்டைப் பல் இரும்புக் கவையைத் தட்டி, அதன் அடிக்காம்பைப் பெருவிரல் எலும்பில் வைத்தாள்.

"அதிருதாம்மா? நின்னதும் சொல்லுங்க."

"அதிருது. இருக்கு... இன்னும் இருக்கு... கொசு ரெக்கை மாதிரி... இப்ப போயிடுச்சு."

"கவையைப் பிடிச்ச என் விரல்லயும் இப்பத்தான் நின்னுச்சு. கால் நல்லாத்தான் இருக்கு. இனிப்பை மட்டும் கொஞ்சம் விடுங்க."

நோர்ஜன்னா இன்னொரு தடவை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அடுத்த காலையும் நீட்டினாள்.

படித்துறைக்கு வந்ததும், படகில் காத்திருந்த பஹ்ரானிடம் இஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் காலை வைத்தாள். பலகை அதே சோர்வோடுதான் இருந்தது.

"கால்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்ப இந்தப் பலகைக்கு என்ன வந்துச்சு?"

பஹ்ரான் இஞ்சினை நிறுத்தினான். "கால்ல என்ன?"

"உணர்ச்சி போயிடுச்சோன்னு பயந்து கிடந்தேன். அண்ணனுக்கு ஆன மாதிரி."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ராத்திரியில கால் குடையுதுன்னு சொன்னியே. பெருநாள் லீவுல, இஞ்சினுக்கு அடியில டயர் ரப்பரை வெட்டி வெச்சேன். நாலு மூலையிலயும். நீயா கண்டுபிடிச்சுச் சிரிப்பேன்னு பார்த்தேன்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, மனுஷா? ஒத்தைக் காலோட படகு ஓட்டற மாதிரி கனவெல்லாம் கண்டேன்."

"நீயும்தான் சொல்லல."

அவன் ஸ்பேனரோடு இஞ்சின் குழிக்குள் குனிந்து ஒரு ரப்பரை உருவினான். இஞ்சினைக் கிளப்பி அண்ணாந்து பார்த்தான். இன்னும் போதாது என்று தலையசைத்தாள். இரண்டாவதையும் எடுத்தான். அதிர்வு உள்ளங்காலில் ஏறிக் கணுக்காலைப் பிடித்தது.

"போதும். மத்த ரெண்டும் இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு."

முகமெல்லாம் எண்ணெய்க் கறையோடு பஹ்ரான் குழியிலிருந்து எழுந்தான். ஆஸ்பத்திரிக்கென்று போட்டுப்போன நல்ல முக்காட்டின் நுனியைப் பிடித்து, நோர்ஜன்னா அவன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.