நிறுத்தினால் மறுபடி ஓடுமா?

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் எனக்கு ஆட்டுக்கறிக்கடை. படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள், என்னைப் பார்த்தால் பள்ளிக்கூடமே வெட்கப்படும். ஆனால் இதயம் பழக்கமான பொருள். இடது பக்கச் சுவர் தடிப்பு, வலது பக்கம் மெலிசு. ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கறி எடைக்கு அது தேவையில்லையே.

யோசிக்க வைத்தவள் என் மனைவி. படுத்தால் மூச்சு முட்டும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். நுரையீரலில் சுத்தமான ரத்தம் இடது மேலறைக்கு வரும். அங்கிருந்து ஒரு கதவு வழியாகக் கீழறைக்கு இறங்கும். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தள்ளுவது அந்தக் கீழறைதான், அதனால்தான் சுவர் தடிப்பு. வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். சின்ன வயதில் இவளுக்குத் தொண்டை வலித்து, காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வீங்கியதாம். அது அந்தக் கதவைச் சுருக்கி ஒட்டிவிட்டது. கீழே இறங்க முடியாத ரத்தம் நுரையீரலிலேயே தேங்குகிறது.

"கதவுக்கு அடில நூலு நூலா இழுத்துக் கட்டியிருக்குமே, அதுவும் சுருங்கிருச்சுங்களா?" என்றேன்.

"சேட்டனுக்கு எந்தா ஜோலி?"

"ஆடு வெட்டறதுங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த மழைக்காலம் வரை தாங்குவது கஷ்டம் என்றார். இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டுமாம். அதுவரை ஒரு மிஷின் ரத்தத்தில் காற்றைக் கலந்து உடம்பெல்லாம் சுற்றவிடும். புதுக் கதவைத் தைத்தபின் இதயத்தை மறுபடி ஓடவிடுவார்கள்.

நிறுத்துவது என் தொழில். நான் நிறுத்திய ஒன்றும் மறுபடி ஓடியதில்லை.

சம்மதபத்திரம் ஆஸ்பத்திரிக் கட்டில்மேல் கிடந்தது. அவள் தொடவே இல்லை.

"ஏனுங்க, நிறுத்துனா மறுபடி ஓடுமுங்களா?"

"நம்மூட்டு மோட்டாரு ஓடலயா? கரண்டு போனா நிக்குது, வந்தா ஓடுது."

"அது எரிஞ்சுபோயிப் போன மாசந்தான் காயில் கட்டுனீங்க."

ஊரையே சிரிக்க வைக்கிறவன் பேச்சு, கட்டியவளிடம் மட்டும் செல்லுபடியாகவில்லை. வேறு வழி தெரியாமல் அவள் பிடரியைத் தடவினேன். "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமே இல்ல."

வெடுக்கென்று என் கையைத் தள்ளினாள். "ஆட்டயும் இப்படித்தான் தடவுவீங்க. அதுக்கும் இதே பேச்சுத்தான்."

கடைக்குப் பின்னால் நான் வெட்டும் இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியவள் அவள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நெசத்தச் சொல்லுங்க. நின்னது ஓடி நீங்க பாத்திருக்கறீங்களா?"

"இல்ல புள்ள. ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

சொன்னபின் நிறுத்த முடியவில்லை. "ஆனா, வெட்டியெடுத்துப் பலகைமேல வெச்சப்புறமும் சிலது அது பாட்டுக்குத் துடிக்கும். ஒடம்பு இல்ல, ஒண்ணுமில்ல, துடிக்கும். பயந்துக்கிட்டுச் சாக்கப் போட்டு மூடிருவேன். துடிக்க வெக்கற கரண்டு இதயத்துக்குள்ளயே இருக்குதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கு அவ்வளவுதான் தெரியும். எனக்குப் பயமா இருக்குது புள்ள."

ஆபரேஷனுக்கு முன்னால் பெண்டாட்டிக்குச் சொல்லும் ஆறுதலா இது? என் நாக்கை நானே வெட்டிக் கடையில் தொங்கவிட்டிருக்கலாம்.

அவள் சம்மதபத்திரத்தை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"பேனாவக் குடுங்க," என்றாள்.

போட்டுவிட்டாள். அடுத்து நான். எனக்குப் பெருவிரல்தானே கையெழுத்து? நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள். கத்தி பிடித்தால் ஆடாத கை, காகிதத்தில் விரலை வைக்க முடியாமல் உதறியது. ரேகை இழுத்துக்கொண்டு போயிற்று.

"ஒண்ணுகூடி வெக்கணும் சேட்டா," என்றாள் நர்ஸ். இன்னொரு தடவை வைக்க வேண்டுமாம்.

என் மனைவி முன்னால் குனிந்து, சில்லிட்ட இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்து, விரலைக் காகிதத்தில் அழுத்தினாள்.

"ஆட்டாதீங்க," என்றாள். "மை பரவுது."