சின்னாரில் நிற்கும் பஸ்

பேரண்டப்பள்ளி தாண்டியதும் ஃபக்ருதீன் இடது கையை நீட்டிப் பாட்டின் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கிறார். தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்டுவதுதானே உலக வழக்கம்? அவர் குறைக்கிறார். மணி மூன்றேகால். காலை ஷிப்ட் முடிந்து ஓசூர் சிப்காட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பும் கம்பெனி பஸ். முப்பத்தெட்டுப் பேர் ஏறியிருக்கிறார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தூங்குகிறார்கள். விடியுமுன் எழுந்த உடம்புகள். வெயிலுக்கு இழுத்துவிட்ட நீலத் திரைச்சீலைகளுக்குள் பஸ்ஸின் உட்புறம் கிணற்றின் அடி மாதிரி இருக்கிறது. சாலையில் ஒரு மேடு வந்தால் எல்லாத் தலைகளும் சேர்ந்து ஆடி, சேர்ந்து நிற்கின்றன.

பாட்டு மாறுகிறது. கறுப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு. புல்லாங்குழல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒதுங்க, ஆண் குரல் ஒன்று மெல்ல உள்ளே வருகிறது. நடு வரிசைகளில் நான்கு பேர் எழுந்திருக்கிறார்கள். கண் திறக்கவில்லை. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியை மாற்றி மாற்றிப் பிடித்தபடி, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் கதவுக்கு வருகிறார்கள். அவர்களோடு தோளுரசி உட்கார்ந்திருந்தவர்கள் அசையக்கூட இல்லை. கோனேரிப்பள்ளியில் பஸ் நிற்கிறது. தார் ரோட்டில் செருப்பு பட்ட பிறகுதான் அந்த நான்கு பேருக்கும் கண் திறக்கிறது.

ஒன்பது நிறுத்தம், ஒன்பது பாட்டு. சூளகிரிக்கு ஒன்று, மேலுமலைக்கு ஒன்று, குருபரப்பள்ளிக்கு ஒன்று. நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் அந்த ஊர்க்காரர்களின் பாட்டு தொடங்கும். அவர்கள் மட்டும் எழுந்துகொள்வார்கள். மற்றவர்கள் தங்கள் பாட்டு வரும்வரை பிணமாகக் கிடப்பார்கள். சூளகிரி டீக்கடையில் நிற்கிறவர்கள் முதல் தடவை இதைப் பார்த்தால் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றுவிடுவதுண்டு.

ஃபக்ருதீனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பழையபேட்டைக்காரர். வாயில் எப்போதும் நான்கு சோம்பு. பாட வராது; கேட்டால், டீசல் குடித்த தொண்டை என்பார். எந்தப் பாட்டு எந்தப் படம், யார் பாடியது என்று சொல்லத் தெரியாது. அவரிடம் எல்லாம் நம்பர்தான். “ஏழு போட்டா கோனேரிப்பள்ளி, பதினொன்னு சூளகிரி.” வீட்டில் இந்தப் பாட்டுகளை அவர் கேட்பதில்லை. டிவியில் ஒன்று வந்துவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருடைய வலது கால் தரையை அழுத்தத் தொடங்கிவிடும். “பிரேக்கு புடிக்கிறாரு பாரு,” என்று அவர் மனைவி ஜீனத் சிரித்துக்கொண்டே சேனலை மாற்றிவிடுவார்.

இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு ஊர்ப்பெயரைக் கத்தித்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எழாதவனைப் பக்கத்தில் இருப்பவன் உலுக்குவான். ஒருநாள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த ஒருவன், உலுக்கப்பட்ட வேகத்தில் எழுந்து பக்கத்து சீட்டுக்காரரின் மூக்கை உடைத்துவிட்டான். தூக்கத்தில் அடித்தவனுக்கு அடித்ததே தெரியவில்லை. அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள்: தூங்குகிறவரைத் தொடக் கூடாது. ஒரே பென்டிரைவ் தினமும் ஒரே வரிசையில் ஓடியதால், யாரும் தொடாமலே ஆட்கள் தங்கள் இடத்துக்கு முன்னால் எழுவதை ஃபக்ருதீன் கண்ணாடியில் கண்டுபிடித்தார். பிறகு அவர் செய்ததெல்லாம் வரிசையைச் சீர்படுத்தியதுதான். முதல் தடவை எழாதவருக்குப் பாட்டை ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை போடுவார். அதற்கும் எழாவிட்டால் வண்டி கிளம்பிவிடும். தூங்கியவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்ப வேண்டியது. இதுவும் சட்டம்.

மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் தானிஷுக்கு இருபத்திரண்டு வயது. ஒருநாள் தன்னுடைய புதுப் பாட்டுகளைக் கொண்டுவந்து போடச் சொன்னான். எல்லாவற்றிலும் முரசு அதிர்ந்தது. ஆறு பேர் ஊரைத் தவறவிட்டுக் கிருஷ்ணகிரி வரை போய்ச் சேர்ந்தார்கள். அதில் தானிஷும் ஒருவன். “பாய், ஒங்க தாத்தா காலத்துப் பாட்டையே போட்டு வுடுங்க. எனக்குப் புடிக்கல, ஆனா எங்க ஊட்டுக்கு வழி அதுக்குத்தான் தெரியுது,” என்று அவனே பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டான்.

ஃபக்ருதீனிடம் அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. பழைய பாட்டில், வரி தொடங்குவதற்கு முன் பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்கும். இப்போதைய பாட்டுகளில் அதைத் துடைத்துவிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. “பாடினவங்க எல்லாம் மண்ணுக்குள்ள போயி எத்தினியோ வருசம் ஆச்சு. மூச்சு மட்டும் இங்க தங்கிப் போச்சு. மனுசன் மூச்சு பக்கத்துல கேட்டா தூங்கறவன் முழிச்சிக்குவான், தெரியுமா?” என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு சோம்பு போட்டுக்கொள்வார். கேட்டவர்களுக்குத்தான் முதுகில் என்னவோ ஊரும்.

இந்தப் பழக்கம் பஸ்ஸோடு நிற்பதில்லை. குருபரப்பள்ளி மேரிராணி போன கிறிஸ்துமஸுக்குச் சேலத்துக்கு அரசு பஸ்ஸில் போனார். தொப்பூர் பக்கம் கண்ணயர்ந்திருந்தபோது அந்த பஸ் டிரைவர் ஏதோ பாட்டுப் போட்டிருக்கிறார். மேரிராணி எழுந்தார், பையை எடுத்தார், வண்டி வேகம் குறைத்த இடத்தில் இறங்கிவிட்டார். கண் திறந்தபோது முன்னால் மலை, பின்னால் மலை, நடுவில் லாரிகள். கேக் டப்பா மட்டும் கையில் பத்திரமாக இருந்தது. அந்தப் பாட்டைப் பாடிய அம்மாள்தான் கூப்பிட்டுக்கொண்டுபோய் அங்கே நிறுத்தினாள் என்று மேரிராணி இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

சின்னார் நிறுத்தத்தில் மட்டும் இப்போது பாட்டு கிடையாது.

அங்கே இறங்குகிறவர் கங்கப்பன் ஒருவர்தான். பிரஸ் ஷாப்பில் பதினாறு வருடம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். தன் பாட்டைத் தானே தேர்ந்தெடுத்தவர் அந்த பஸ்ஸில் அவர் மட்டும்தான். “பாய், எனக்கு இதான் வேணும். வேற போட்டீன்னா எறங்க மாட்டேன், ஒன் ஊட்டுக்கே வந்துடுவேன்,” என்று சொல்லிப் பாட்டைக் கொடுத்தார். வார்த்தை தொடங்குவதற்கு முன் ஒரு பெண் குரல் அரை நிமிடம் வெறுமனே முனகும், வாத்தியம்கூடக் கிடையாது. முனகல் நின்று, ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குக் கங்கப்பன் எழுந்துவிடுவார். முதல் வார்த்தைக்கு அவர் நடைவழியில் இருப்பார்.

போன ஆடி மாதம் ஒருநாள் அவர் எழவில்லை. ஃபக்ருதீன் சின்னாரில் நிறுத்திப் பாட்டை இன்னொரு தடவை போட்டார். அதற்கும் எழவில்லை. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் பார்த்தவர் என்பதால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தொடக் கூடாது என்பதால் யாரும் தொடவும் இல்லை. வண்டி கிளம்பியது. குருபரப்பள்ளியில் இறங்கும்போது மேரிராணியின் பை கங்கப்பனின் தோளில் இடித்தது; அவர் அப்படியே ஜன்னல் பக்கம் சரிந்தார். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், உயிர் போய் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் என்றார்கள். சின்னாருக்கு முன்னாலா பின்னாலா என்பது அதில் தெரியாது.

கங்கப்பனின் மனைவி சரஸ்வதிக்குக் கம்பெனி கேன்டீனில் வேலை கொடுத்தார்கள். முதல் நாள் பஸ்ஸில் ஏறியபோது கங்கப்பன் உட்காரும் இடது பக்க மூன்றாவது வரிசை மட்டும் காலியாக இருந்தது. ஏன் காலி என்று தெரிந்தேதான் போய் உட்கார்ந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. அன்றைக்குச் சின்னாரில் இறங்குமுன் ஃபக்ருதீனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்று பாட்டு வந்தபோது அவருக்குக் கேட்டதா?

ஃபக்ருதீன் அதற்குத் தயாராக இல்லை. “முன்னாடியே போயிட்டாரும்மா. காதுல வுழுந்திருக்காது,” என்றார்.

“அப்ப யாரும் கூப்புடாமயே போயிட்டாரு,” என்று சொல்லிவிட்டு சரஸ்வதி இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எட்டு மாதமாக ஃபக்ருதீன் சின்னார் வரும்போது பாட்டை நிறுத்திவிடுகிறார். சரஸ்வதி தூங்குவதில்லை, இறங்கிப் போய்விடுவார். ஆனால் பஸ் உடனே கிளம்பாது. கதவைத் திறந்துவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஃபக்ருதீன் தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். அரை நிமிடம். சில நாள் ஒரு நிமிடம். கங்கப்பன் இறங்குவதற்காகத்தான் பாய் காத்திருக்கிறார் என்று கேன்டீனில் பேச்சு. டூல் ரூம் அருள்ஜோசப் அரைக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு பேர் வேறு பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஃபக்ருதீன் காத்திருக்கவில்லை. விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு இரண்டாவது தடவை பாட்டுப் போட்டபோது, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த கங்கப்பனின் ஆள்காட்டி விரல் அசைந்ததை ஃபக்ருதீன் இதே கண்ணாடியில் கண்டார். தட்டியது, விட்டது, மறுபடி தட்டியது. ஆள் முழித்துக்கொண்டுதான் இருக்கிறார், எழச் சோம்பல்படுகிறார் என்று நினைத்துத்தான் கியரைப் போட்டார். வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது அந்தக் கம்பிகள் நடுங்கும். பிடித்திருக்கும் விரல்களும் நடுங்கும். கங்கப்பனின் விரலை ஆட்டியது அந்த நடுக்கம்தான் என்றால் ஃபக்ருதீன் சொன்னது பொய்யில்லை. நடுக்கமில்லை என்றால் கங்கப்பன் உயிரோடு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். சூளகிரி ஆஸ்பத்திரி பின்னால் பத்து நிமிடத்தில் இருந்தது. தூங்குகிறவர்களின் விரல்கள் தினமும் சின்னாரில் ஆடுகின்றன. சில நாள் தாளம் மாதிரியே ஆடுகின்றன. சில நாள் இல்லை.

போன வாரம் ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல் அந்தப் பாட்டையே போட்டார். அதே பாட்டு, அதே இடம், அதே இன்ஜின் ஓட்டம் என்றால்தான் உண்மை தெரியும் என்று நினைத்தார். நிறுத்தம் வந்தது. அந்தப் பெண் குரல் முனகத் தொடங்கியது. கண்ணாடியில் நீல வெளிச்சத்தில் வரிசை வரிசையாகக் கைகள். முனகல் நின்றது. மூச்சு வந்தது.

பஸ்ஸில் இருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. யாரும் எழவில்லை, யாரும் கண் திறக்கவில்லை. அது அவர்களில் ஒருவருடைய பாட்டும் இல்லை. இருந்தும், கூப்பிடப்பட்டவர் யார் என்று கேட்பதுபோல மூடிய கண்களோடு முகங்கள் நிமிர்ந்து நின்றன. விரல்களைப் பார்க்க ஃபக்ருதீனுக்கு மறந்துபோயிற்று.

மூன்றாவது வரிசையிலிருந்து சரஸ்வதி எழுந்து முன்னால் வந்தார். “இந்தப் பாட்டா பாய்?”

ஃபக்ருதீன் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினார். பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கி ஒனக்குப் பொய் சொல்லிட்டேம்மா. ரெண்டாந்தடவ போட்டப்போ அவரு வெரலு கம்பியில தட்டினிச்சு. பாத்தேன். பாத்துட்டுதான் வண்டிய எடுத்தேன். இன்ஜின் ஆட்டந்தானோ என்னமோன்னு எட்டு மாசமா பாத்தினு இருக்கேன். தெரியல.”

அந்தப் பெண் குரலோடு ஆண் குரலும் சேர்ந்துகொண்டது. பின்னால் தலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின.

“தட்டினாரா,” என்றார் சரஸ்வதி. அது கேள்வியாக இல்லை. அவர் படியில் இறங்கினார்.

வழக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் ஊர்ப்பாதைக்குப் போகிறவர், அன்று பஸ்ஸை ஒட்டிக் கொஞ்சம் பின்னால் நடந்து மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே நின்றார். வெயிலில் கொதித்த தகரத்தின்மேல் வலது உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. இன்ஜினின் நடுக்கம் அவர் கை வழியே ஏறியது. முழங்கையில் மாட்டியிருந்த கேன்டீன் பையின் காது அதிர்ந்தது. சரஸ்வதி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபக்ருதீன் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

பிறகு சரஸ்வதி கையை எடுத்து, எல்லோரும் இறங்கியாயிற்று, வண்டி போகலாம் என்பதற்குக் கண்டக்டர்கள் தட்டுவார்களே, அதுபோலத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.