சுவரில் மாட்டிய ஒரு வரி

அப்பா மண்ணரைப் பகுதியில் பத்து தையல் மெஷின் போட்டு, ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸுக்கு பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து வரும் இங்கிலீஷ் கடிதங்களை ஆறாவது படித்த நான்தான் படித்துச் சொல்வேன். வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் ஒரு தாள் வந்தது. உங்கள் யூனிட் ‘காம்ப்ளசன்ட்’ ஆகிவிட்டது என்று ஒரே வரி. ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி சோம்பலாக மிதந்துகொண்டிருந்தது. அகராதியில் ‘சுயதிருப்தி’ என்று கண்ணில் பட்டதுமே மூடிவிட்டேன். பக்கத்திலேயே ‘மெத்தனம்’ என்றும் போட்டிருந்ததைக் கல்லூரிக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

“நம்ம வேலை அவிங்களுக்குத் திருப்தியாமுங்கப்பா” என்றேன்.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குக் கீழே மாட்டினார். அவர்களே திருப்தி என்ற பிறகு செக்கிங் எதற்கு என்று, தைத்த பனியன்களை அப்படியே பெட்டியில் கட்டச் சொன்னார். மறுநாள் மெஷின்களோடு அந்தத் தாளுக்கும் பொட்டு வைத்து, எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்தார். சத்தமே இல்லாமல் கம்பெனி கண்ணயர்ந்து கிடந்தது. துணிக் குவியலின் மேல் படுத்து நானும் தூங்கிப்போனேன்.

இரண்டு நாள் கழித்து எக்ஸ்போர்ட் ஆபீஸிலிருந்து சரக்குப் பார்க்கும் அக்கா வந்து ஒரு பெட்டியைப் பிரித்தார். ஒரு பனியனின் கழுத்தை இரு கையாலும் இழுத்தார். தையல் பட்டென்று விட்டது. அடுத்ததும் விட்டது. இந்தச் சரக்கு திரும்பினால் அடுத்த ஆர்டர் கிடையாது என்பது எனக்கே தெரியும். நிமிர்ந்த அக்கா, குங்குமத்தோடு தொங்கிய தாளைப் பார்த்தார். அப்பாவைத் தள்ளி அழைத்துப்போய் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு, “இத யாருங்க படிச்சுச் சொன்னது?” என்று கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

“பாப்பா செரியாத்தானுங்க படிச்சுது. நாந்தான் மெதப்புல இருந்துட்டனுங்க. ரெண்டு நாள் குடுங்க, அத்தனையும் பிரிச்சுத் தெச்சுத் தந்தர்றேன்.”

எல்லோரும் விடிய விடிய உட்கார்ந்து நூல் பிரித்துத் தைத்தோம். ஆர்டர் தப்பியது.

அந்தத் தாளை மட்டும் அப்பா கழற்றவே இல்லை. என் இங்கிலீஷின் பெருமைக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நம்பி, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் நானே அதற்குப் பொட்டு வைத்தேன். அப்பா பக்கத்தில் நின்று, அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். மேலே இருக்கும் முருகனைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.