இடந்தலை ரவை

மிருதங்கத்தின் இடந்தலையில், கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கும்மென்ற நாதம் அதனால்தான் வரும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் பிசைவதும் சுரண்டுவதும் அம்மாவின் வேலை.

அப்பா ஒரு ராமநவமிப் பந்தலில், தனி ஆவர்த்தனத்தின் நடுவில், வாத்தியத்தின் மேலேயே சாய்ந்தார். மங்களம் பாடாமலே கூட்டம் கலைந்தது. காரியமெல்லாம் முடிந்தபின் நான் மிருதங்கத்தைத் துடைக்க உட்கார்ந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுடி. கச்சேரி இன்னும் முடியல."

துக்கத்தில் பேசுகிறாள், போகப்போகச் சரியாகும் என்று விட்டேன். சரியாகவில்லை. பொட்டையும் அவள் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் முணுமுணுத்து ஓய்ந்தார்கள்.

கன்னடம் பேசும் ஊரில், ஈஜிபுரா பேட்டையில், எங்களுக்கு இரண்டே அறை. மூடி போட்ட சர்க்கரை டப்பாவையே எறும்பு விட்டுவைக்காத வீடு. ஆனால் சுவரோரம் இருந்த மிருதங்கத்தில், காய்ந்துபோன அந்த ரவையை ஓர் எறும்பு தொட்டு நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கமே அவை போகாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. சாயங்காலமானால் அம்மா இரண்டு டம்ளர் காபி கலப்பாள். ஒன்றை அங்கே வைத்துவிட்டு உட்காருவாள். தலை லேசாக ஆடும், விரல்கள் தொடையில் தாளம் போடும். நானும் மூச்சை அடக்கிக் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு டிவிதான் கேட்கும். டாக்டரிடம் போகலாம் என்றால், தன் காது நன்றாகத்தான் இருக்கிறது என்பாள்.

சில வருடங்கள் கழித்து, ஊரின் ஒரு கலைக்கூடத்தில் அப்பாவைப் பற்றிக் கண்காட்சி வைத்தார்கள். அம்மா மறுப்பாள் என்று நினைத்தேன். திறப்புக்கு முந்தின நாள் மிருதங்கத்தை அவளே துணியில் சுற்றிக் கொடுத்தாள். "நாலு பேரு கேக்கட்டுமே" என்றாள்.

மறுநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஏசிக் குளிரில், கண்ணாடிக்குள் அப்பாவின் கைக்கடிகாரம், வெற்றிலைப் பெட்டி, ஜரிகை அங்கவஸ்திரம். சுவர் முழுக்கப் புகைப்படங்கள். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அப்பா எங்களையே பார்த்தார். நடுவில் மிருதங்கம். அதன் இடந்தலை புதுசுபோல் சுத்தமாக இருந்தது.

கூடத்தை நடத்தும் பெண்மணி மலர்ந்த முகத்தோடு வந்தார். என்னமோ அழுக்கு கெட்டியாக ஒட்டிக்கிடந்தது, ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க அரை நாள் ஆயிற்று என்று கன்னடத்தில் சொன்னார். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது. அம்மா கண்ணாடியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அந்தப் பெண்மணியைக் கும்பிட்டு, கன்னடத்திலேயே நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நேரே போய்த் தலைமுழுகினாள். வெளியே வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. ஈரத்தலையோடு ஒரே ஒரு டம்ளர் காபி கலந்து, அதை என் கையில் கொடுத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

காலையில் நான் கூட்ட வந்தேன். மிருதங்கம் இருந்த இடத்தில் எறும்புகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தன. அப்பா செத்துப்போனது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.